‘நவ் அண்ட் தென்’ கேட்ட இரண்டு ஞாயிறுகள்: வெள்ளவத்தை இசை வட்டத்தின் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலோர ரயில் பாதைக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை நாங்கள் சிலர் கூடிப் பாட்டுக் கேட்பது வழக்கம். பெயரளவில் பதினான்கு பேர். பத்துப் பேர் வந்தால் நல்ல கூட்டம். எல்லாரும் தமிழர், ஆங்கில ரொக் இசையோடு வளர்ந்தவர்கள், அல்லது வளர்ந்தவர்களின் பிள்ளைகள். ஒருவர் ஓர் அல்பத்தைக் கொண்டுவருவார். முழுதாகக் கேட்போம். பிறகு பிளேன்ரீயோடு கதைப்போம். ஒருங்கிணைப்பவன் நான். 2022இல் மின்வெட்டும் பெற்றோல் வரிசையுமாக இருந்த மாதங்களில்கூட மெழுகுதிரி வெளிச்சத்தில், பற்றறியில் ஓடும் சிறிய ஸ்பீக்கர் ஒன்றோடு கூடியிருக்கிறோம். அப்படிப்பட்ட வட்டம் 2023 நவம்பரில் ஒரே ஒரு புதுப் பாட்டினால், அறுபதுகளின் ஆங்கில ரொக் குழுவான பீட்டில்ஸின் ‘நவ் அண்ட் தென்’ என்ற பாட்டினால், உடையும் நிலைக்கு வந்தது. அது எப்படி நடந்தது, என்ன செய்தோம், எது சரிவரவில்லை என்பதை இங்கே பதிகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் பெயர் வேண்டாம் என்றதால் பெயர்கள் இல்லை.

மூன்று பேரை மட்டும் முன்கூட்டியே அறிமுகம் செய்ய வேண்டும்.

முதலாமவர் எங்களில் மூத்தவர். அப்போது 74 வயது, ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர். 1963இல், பதினான்கு வயதில், இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவையில் பீட்டில்ஸ் பாட்டை முதன்முதலாகக் கேட்டவர். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தபோது, வெளிநாடு போய்வருபவர்களிடம் சொல்லிவைத்து ஒவ்வொரு இசைத்தட்டாகச் சேர்த்தார். 1983 ஜூலையில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டோடு அவை எல்லாம் எரிந்தன. அதைப்பற்றி அவர் அதிகம் கதைப்பதில்லை.

இரண்டாமவர் 58 வயது ஆங்கில ஆசிரியை. எல்லாரும் ‘ரீச்சர்’ என்றுதான் கூப்பிடுவோம். பீட்டில்ஸில் ஒருவரான ஜோன் லெனனின் தனிப் பதிவுகள், வெளிவராத வீட்டு ஒலிநாடாக்கள் பற்றி எங்களில் அவருக்குத் தெரிந்த அளவு வேறு எவருக்கும் தெரியாது.

மூன்றாமவர் 27 வயதுத் தம்பி. கொட்டாஞ்சேனையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. கலியாண வீடியோக்களுக்கும் பக்திப் பாடல் தட்டுகளுக்கும் ஒலி சேர்ப்பவர். பீட்டில்ஸ் அவருக்குத் தாத்தா காலத்துச் சங்கதி, ஆனாலும் எங்களோடு இருந்து கேட்டுக் கேட்டு அதில் ஈடுபாடு வந்தவர்.

பாட்டு வந்த வழி

நடந்ததை விளங்கிக்கொள்ள இந்தப் பாட்டின் கதை தேவை. அன்றைக்கு இது எங்களுக்குச் சரியாகத் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை வந்திராது.

ஜோன் லெனன் எழுபதுகளின் பிற்பகுதியில் நியூயோர்க்கில் தன் வீட்டில், பியானோவை வாசித்துக்கொண்டே பாடி ஒரு சாதாரண கசெட்டில் பதிந்த பாட்டு இது. 1980 டிசெம்பர் 8இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1994இல் லெனனின் மனைவி யோகோ ஓனோ அவருடைய வீட்டுப் பதிவுகள் சிலவற்றை போல் மெக்கார்ட்னியிடம் கொடுத்தார். குழுவில் மிஞ்சியிருந்த மெக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், ரிங்கோ ஸ்டார் மூவரும் அவற்றிலிருந்து இரண்டு பாட்டுகளை முடித்து 1995இலும் 1996இலும் வெளியிட்டார்கள். மூன்றாவதாக இதையும் 1995இல் எடுத்துப் பார்த்தார்கள். கைவிட்டார்கள். கசெட்டில் குரலும் பியானோவும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. பியானோவைக் கூட்டினால் குரல் அமுங்கியது. போதாக்குறைக்கு மின்சாரத்தின் இரைச்சல் பாட்டு முழுவதும் ஓடியது. ஜோர்ஜ் ஹரிசனுக்கு அந்த வேலையில் மனம் செல்லவில்லை. அவர் 2001 நவம்பரில் காலமானார்.

பிறகு, பீட்டில்ஸின் 1969ஆம் ஆண்டுப் படச்சுருள்களை வைத்து 2021இல் திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சன் எட்டு மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவான ஆவணத் தொடர் ஒன்றைச் செய்தபோது, ஒரே தடத்தில் கலந்து பதிந்த பேச்சையும் வாத்தியங்களையும் பிரித்தெடுக்க அவருடைய ஆட்கள் இயந்திரக் கற்றல் முறை ஒன்றை உருவாக்கினார்கள். அதே முறையால் லெனனின் கசெட்டிலிருந்து குரல் தனியாகப் பிரிக்கப்பட்டது. 1995இல் ஹரிசன் வாசித்த கிட்டாரை வைத்துக்கொண்டார்கள். மெக்கார்ட்னியும் ரிங்கோ ஸ்டாரும் புதிதாக வாசித்தார்கள். ஹரிசனின் பாணியில் ஸ்லைட் (நரம்பின்மேல் வழுக்கி வாசிக்கும்) கிட்டார் பகுதியொன்றை மெக்கார்ட்னி சேர்த்தார். நரம்பிசையும் வந்தது. 2023 நவம்பர் 2, இலங்கை நேரம் இரவு 7.30க்குப் பாட்டு வெளியானது. மெக்கார்ட்னிக்கு 81 வயது, ஸ்டாருக்கு 83.

குழப்பத்தின் விதை அதற்கு ஐந்து மாதம் முன்பே விழுந்துவிட்டது. ஜூன் மாதம் பிபிசி வானொலிச் செவ்வியில், செயற்கை நுண்ணறிவின் உதவியோடு கடைசி பீட்டில்ஸ் பாட்டை முடித்திருப்பதாக மெக்கார்ட்னி சொன்னார். உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. ‘ஏ.ஐ.’ என்ற இரண்டெழுத்து எல்லாருடைய மனதிலும் நின்றது. சில நாளிலேயே அவர் விளக்கமும் கொடுத்தார்: செயற்கையாக எதுவும் உண்டாக்கப்படவில்லை, வாசித்தவர்கள் தாங்கள்தான் என்று. தலைப்பைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அந்த விளக்கத்தைப் பார்த்தார்கள்? எங்கள் வட்டத்தில் ரீச்சரைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. நானும் இல்லை.

முதல் ஞாயிறு: நவம்பர் 5

அன்று பதினொரு பேர் வந்தார்கள். ஏழு பேர் ஏற்கனவே கைபேசியில் கேட்டிருந்தார்கள். மூத்தவர் கேட்கவில்லை. எல்லாரோடும் இருந்து கேட்பதற்காக மூன்று நாள் பொறுத்திருந்ததாகச் சொன்னார். அந்தச் சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும்.

முன்னுரை ஒன்றும் இல்லாமல் நான் பாட்டைப் போட்டேன். நாலு நிமிடம் சொச்சம். நடுவில் தெஹிவளைப் பக்கம் போன ரயில் ஒன்று கடைசிப் பகுதியை விழுங்கியது. முடிந்தவுடன், எங்கள் வழக்கப்படி, ஒவ்வொருவராகப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டேன்.

முதல் ஆள் ஆறு என்றார். அடுத்தவர் நாலு: மெட்டு ஓரிடத்தில் நிற்கிறது, அறுபதுகளில் இவர்கள் இப்படியொரு பாட்டை அல்பத்தில் சேர்த்திருக்கவே மாட்டார்கள் என்றார். இன்னொருவர் எட்டு. ரீச்சர் புள்ளி சொல்ல மறுத்தார். “பாட்டில பாதி இல்லை” என்றார். ஜோனின் கசெட்டில் பல்லவிக்கு முன்னால் இன்னொரு பகுதி உண்டு, அதுதான் பாட்டின் உயிர், அதை அப்படியே வெட்டி எறிந்திருக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அது உண்மைதான். பல வருடமாக இரசிகர்களிடையே களவாகச் சுற்றிய பழைய பதிவில் அந்தப் பகுதி இருக்கிறது. புதிய பாட்டில் இல்லை. “செத்தவன்ர பாட்டில கை வைக்க போலுக்கு யார் உரிமை குடுத்தது?” என்று கேட்டார். ஒருவர், இது காசுக்காகச் செய்தது என்றார். இன்னொருவர், எண்பது வயது தாண்டிய மெக்கார்ட்னிக்குக் காசுக்கு என்ன குறை என்று எழும்பினார். குரல்கள் உயர்ந்தன.

மூத்தவர் இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. பாட்டுத் தொடங்கியதிலிருந்து அவர் கண்ணில் நீர். அதைத் துடைக்கவுமில்லை. அவருடைய முறை வந்தபோது, “அவன் பக்கத்தில இருந்து பாடுற மாதிரி இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

அந்த இடத்தில் தம்பி, ஆறுதலாக ஏதோ சொல்ல நினைத்தோ, தனக்குத் தெரிந்ததைச் சொல்ல நினைத்தோ, “அங்கிள், அது லெனன் இல்லை. ஏ.ஐ. பாடினது” என்றார்.

யாரும் மறுக்கவில்லை. ரீச்சர் தன் வாதத்தில் இருந்தார். நான் அதை உண்மை என்றே நம்பியிருந்தேன். மூத்தவர் ஒரு நிமிடம் போல் இருந்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கும் சொல்லாமல் படியிறங்கிப் போனார்.

அவதானித்தவை

அன்றிரவு வட்ஸ்அப் குழுவில் தொடங்கிய வாக்குவாதம் மறுநாளும் நின்றபாடில்லை. அதைத் திரும்பத் திரும்ப வாசித்தபோது ஒன்று தெரிந்தது. எல்லாரும் ஒரே பாட்டைப் பற்றிச் சண்டை பிடிப்பதாக நினைத்தோம். உண்மையில் நாலு வேறு கேள்விகளுக்கு ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தக் குரல் உண்மையானதா? ஒருவர் முடிக்காமல் விட்டுப்போன பாட்டை இன்னொருவர் வெட்டித் தைக்கலாமா? இருபத்தெட்டு வருடத்துக்கு முன் விருப்பமில்லாதிருந்த ஹரிசனின் வாசிப்பை இப்போது சேர்த்தது முறையா? இதெல்லாம் போகட்டும், பாட்டு நல்லதா?

பாட்டு சுமார் என்றவரை ரீச்சர் “உங்களுக்கு விளங்கேல்லை” என்றது, அவர் இரண்டாவது கேள்வியில் நின்றதால். காசுக்குச் செய்தது என்றவருக்கு நாலாவது கேள்வியில் அக்கறையே இல்லை. இந்தக் கேள்விகள் அவ்வளவையும் ‘பத்துக்கு எத்தனை’ என்ற ஒரு எண்ணுக்குள் அடைத்தது என் வேலை. ஓர் அல்பத்துக்கு அது பிழைக்காமல் நடக்கலாம். இறந்த ஒருவரின் குரல் கேட்ட அடுத்த நிமிடத்தில் நடக்காது.

முதல் கேள்வி மட்டும் மற்றவற்றைப் போன்றதல்ல. மற்ற மூன்றும் அவரவர் தீர்ப்புக்குரியவை. குரல் உண்மையா என்பதற்கு ஒரு சரியான பதில் உண்டு, தேடினால் கிடைக்கும். தேடாமல் விட்டோம். அந்தப் பொய்த் தகவல்தான் ஒரு மனிதரை வெளியே அனுப்பியது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

திங்கள் இரவு, அடுத்த சந்திப்பு வரைக்கும் இந்தப் பாட்டைப் பற்றி வட்ஸ்அப்பில் எழுதவேண்டாம் என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டேன். சிலருக்குப் பிடிக்கவில்லை. முகம் தெரியாமல் எழுதும்போது எங்களவர்களே அந்நியர்கள் போல எழுதினார்கள் என்பதுதான் காரணம்.

புதன்கிழமை மூத்தவரின் வீட்டுக்குப் போனேன். தம்பி தானும் வருவதாக நின்றார். வேண்டாம் என்றேன். மன்னிப்புக் கேட்க ஆள் வந்து நின்றால், அவர் தன் மனதில் உள்ளதைச் சொல்வதை விட்டுத் தம்பியைத் தேற்றத் தொடங்கிவிடுவார். அவருடைய சுபாவம் அது.

கோபமா என்று கேட்டேன்.

“கோவமில்லை. எனக்கு ஜோன்ர குரல் தெரியும். பதினாலு வயசில இருந்து கேக்கிறன். ஒரு மெஷின் பாடியும் எனக்குத் தெரியாமப் போச்சோ? அதுக்குத்தான் அழுதனானோ? அதை நினைக்கத்தான் பயமா இருந்தது.”

அவரை நோகடித்தது தம்பியின் சொல் அல்ல. தன் காது தன்னை ஏமாற்றிவிட்டதோ என்ற எண்ணம். நான் தேற்றுவதற்காக எதுவும் சொல்லவில்லை. விசாரித்து வந்து சொல்வதாக மட்டும் சொன்னேன். அப்போதுதான் அவர் தன்னிடமுள்ள கசெட்டைப் பற்றிச் சொன்னார். 1981இல், லெனன் இறந்து சில வாரங்களில், யாழ்ப்பாணத்து வீட்டில் அவருடைய கூடப்பிறந்த தம்பி கிட்டாரோடு பாடியதை அவரே ரேப் ரெக்கோடரில் பதிந்தது. அந்தத் தம்பிக்கு அப்போது பத்தொன்பது வயது. 1987இல் அவர் உயிரோடு இல்லை. கொழும்பில் இருந்தவை எரிந்தபோது யாழ்ப்பாணத்தில் இருந்ததால் அந்தக் கசெட் தப்பியது. 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரே இடம்பெயர்ந்தபோது அவருடைய மாமி அதை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டுத் தென்மராட்சிக்குச் சுமந்துபோனார். இங்கிலாந்தில் மூன்று பேர் லெனனின் கசெட்டோடு மல்லுக்கட்டிக் கைவிட்டதும் அதே வருடம்தான். ஐந்து வருடமாக எங்களோடு இருந்தவரிடம் இப்படியொன்று இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

அடுத்த வேலை, முதல் கேள்விக்குப் பதில் தேடுவது. பாட்டை ஒட்டி வெளியான பன்னிரண்டு நிமிட ஆவணப் படத்தையும் ஜூன் மாத விளக்கத்தையும் நானும் தம்பியும் சேர்ந்து பார்த்தோம். படத்தில் கசெட்டின் மூலப் பதிவும், பிரித்தெடுத்த பிறகு தனித்து நிற்கும் குரலும் கேட்கின்றன. தம்பி அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, சற்று நேரம் பேசாமல் இருந்தார். “நான் செய்யிற வேலைதானே இது” என்றார். கலியாண வீடியோவில் மேளச் சத்தத்துக்குள் அமுங்கிய பேச்சை மீட்க அவர் நாளாந்தம் பாவிக்கும் மென்பொருளும் இதே வகைதான். தொழில் தெரிந்தவரையே தலைப்புச் செய்தி மறைத்துவிட்டது.

அவரிடம் ஒன்று கேட்டேன்: அதை எல்லாரும் காதால் கேட்கச் செய்யமுடியுமா? ஒப்புக்கொண்டார்.

நான் எடுத்த இன்னொரு முடிவைப் பற்றி இன்றுவரை எனக்கு நிம்மதியில்லை. ரீச்சர் தன்னிடமுள்ள பழைய முழுப் பதிவை இரண்டாம் சந்திப்பில் போடவேண்டும் என்று கேட்டார். நான் மறுத்தேன். அது குடும்பம் வெளியிடாத பதிவு, களவாக வந்தது. இறந்தவரின் அனுமதி பற்றிக் கதைக்கக் கூடும் இடத்தில் அதையே போடுவது பொருந்தாது என்று சொன்னேன். வாதம் சரியாக இருக்கலாம். ஆனால் மூத்தவருக்கு வீடு தேடிப் போன நான், ரீச்சருக்கு வட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதி முடித்துவிட்டேன்.

இரண்டாம் ஞாயிறு: நவம்பர் 19

இடையில் தீபாவளி வந்துபோனது. பாட்டு பிரித்தானியப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1969க்குப் பிறகு பீட்டில்ஸுக்கு அதுதான் முதல் தடவை. ஒருவர் அதைச் சொல்லி வாதத்தை முடிக்கப் பார்த்தார். அது நாலு கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் இல்லை என்று இன்னொருவர் சொன்னதைக் கேட்க எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒன்பது பேர் வந்தார்கள். மூத்தவர் நேரத்தோடு வந்து வழக்கமான யன்னலோரக் கதிரையில் இருந்தார். கதையைத் தொடங்குமுன் தம்பி அவருக்கு முன்னால் போய் நின்று, “அங்கிள், நான் தலைப்பை மட்டும் வாசிச்சிட்டுக் கதைச்சிட்டன். அது பிழை. அது அவர்தான்” என்றார். மூத்தவர் அவர் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

தம்பி அதற்கு முந்திய நாள் எங்கள் அறையிலேயே யன்னலைத் திறந்துவைத்து, பழைய ரேப் ரெக்கோடரில், கீபோர்ட் வாசித்தபடி தன் குரலில் ஒரு பாட்டைப் பதிந்திருந்தார். மின்விசிறிச் சத்தம், கடற்காற்று, சரியான இடத்தில் ஒரு ரயில். அதை முதலில் போட்டார். பிறகு, இலவசமாகக் கிடைக்கும் டெமக்ஸ் என்ற மென்பொருளில் பிரித்தெடுத்த குரலை மட்டும் போட்டார். ரயில் அநேகமாக இல்லை. கீபோர்ட் இல்லை. குரல் மட்டும் வெறும் வெளியில் நின்றது. இரண்டொரு இடத்தில் ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் நீருக்குள் இருந்து வருவதுபோல் மங்கின.

அவர் விளக்கிய விதம் எங்கள் எல்லாருக்கும் பிடிபட்டது. குரலும் வாத்தியங்களும் தனித்தனியாக உள்ள ஏராளமான பாட்டுகளைக் கொடுத்து மென்பொருளைப் பழக்குகிறார்கள். எந்த நொடியில், எந்தச் சுருதியில் உள்ள ஒலி பெரும்பாலும் தொண்டையிலிருந்து வருகிறது, எது நரம்பிலிருந்து வருகிறது என்று அது கணிக்கப் பழகுகிறது. பிறகு கலந்துகிடக்கும் பதிவைக் கொடுத்தால், ஒவ்வொரு துணுக்கையும் குரல் பக்கமோ மற்றப் பக்கமோ ஒதுக்குகிறது. அரிசியில் கல் பொறுக்குவது போல. சில கல் தங்கும், சில அரிசியும் போகும்.

“அப்ப போன அரிசியை அது தானாப் போட்டு நிரப்புமோ?” என்று மூத்தவர் கேட்டார்.

“இல்லை அங்கிள். புதுசாப் பாடுறதுக்கு வேற மெஷின். அதுக்கு ஒருத்தற்ர குரலைப் பழக்கிப்போட்டு, அவர் பாடாத வரியையும் பாட வைக்கலாம். இது அது இல்லை. இதுக்குள்ள அவர் பாடினது மட்டும்தான் இருக்கு.”

பிரிக்கிறது, செய்கிறது. இந்த இரண்டு சொற்களும் அன்றிலிருந்து எங்கள் வட்டத்தின் சொற்களாகிவிட்டன.

பிறகு ஒழுங்காகக் கேட்டோம். முதலில், புதுப் பாட்டோடு சோடியாக வெளியிடப்பட்ட பீட்டில்ஸின் முதல் இசைத்தட்டுப் பாட்டு, 1962இல் வந்தது. அடுத்து 1995இல் வெளியான பாட்டு. அதில் லெனனின் குரல் மெலிந்து, தொலைபேசியில் வருவதுபோல் இருப்பதை எல்லாரும் கவனித்தார்கள். பிறகு ஆவணப் படத்தில் கசெட் கேட்கும் பகுதி. கடைசியாகப் புதுப் பாட்டு. புளூடூத் ஸ்பீக்கரை ஒதுக்கிவிட்டு, தம்பி தன் வேலைத்தலத்திலிருந்து இரண்டு நல்ல ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்திருந்தார். முடிந்தபின் பத்து நிமிடம் யாரும் பேசுவதில்லை, நாலு கேள்விகளில் விரும்பியதற்கு ஆளுக்கொரு தாளில் எழுதுவது என்று ஏற்கனவே பேசியிருந்தோம்.

தாள்களில் மனமாற்றம் பெரிதாக இல்லை. நாலு புள்ளி கொடுத்தவர் மெட்டு சுமார் என்றே எழுதினார், ஆனால் கீழே இன்னொரு வரி: இது பாட்டாக அல்ல, வழியனுப்பலாகக் கேட்கவேண்டியது போலும். ஹரிசனைப் பற்றிய கேள்விதான் நீண்டநேரம் போனது. அன்றைய தடை தொழில்நுட்பம் மட்டுமே, இருந்திருந்தால் அவரும் முழுமனதோடு சேர்ந்திருப்பார் என்று அவர் மனைவி ஒலிவியா பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். “மனிசி சொன்னாப் போதுமோ?” என்று ஒருவர் கேட்டார். “மனிசி சொல்லாட்டி வேற ஆர் சொல்லுறது?” என்றார் மற்றவர். இரண்டையும் நான் குறித்துக்கொண்டேன். முடிவுக்கு வர முயலவில்லை.

ரீச்சர் வந்திருந்தார். கடைசிவரை இருந்தார். தாளில் ஒன்றும் எழுதவில்லை.

பின்னர் நடந்தவை

டிசெம்பரில் மூத்தவர் பிஸ்கட் தகரத்தோடு தம்பியைத் தேடிக் கொட்டாஞ்சேனைக்குப் போனார். நானும் கூடப் போனேன். கசெட்டின் நாடா ஒட்டியிருந்ததால் தம்பி முதலில் அதை மெதுவாக இருபுறமும் சுற்றித் தளர்த்தினார். பிறகு கணினியில் பிரதி எடுத்தார். நாற்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் பத்தொன்பது வயதுக் குரல் அறையில் கேட்டது. இரைச்சல் பலமாகத்தான் இருந்தது. தம்பி, விரும்பினால் குரலை மட்டும் பிரித்துத் தருவதாகச் சொன்னார்.

மூத்தவர் பொறுக்கச் சொன்னார். மூன்றாவது நிமிடமளவில், பாட்டுக்குப் பின்னால், தூரத்தில் ஒரு பெண் குரல் “சாப்பிட வாங்கோவன் ரெண்டு பேரும்” என்றது. அவருடைய அம்மா. அந்தக் குரல் கசெட்டில் இருப்பதே அவருக்கு நினைவில்லை. பிரித்தால் அம்மா எந்தப் பக்கம் போவார் என்று கேட்டார். தம்பிக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கனடாவில் இருக்கும் தங்கையிடம் அன்றிரவு கேட்டுவிட்டு, பிரதி மட்டும் போதும், ஒன்றையும் கழுவவேண்டாம் என்று மறுநாள் அறிவித்தார்.

2024 ஜனவரியில் ஏ.ஆர். ரஹ்மான், ‘லால் சலாம்’ படப் பாட்டொன்றில் காலமான பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை மென்பொருளால் உருவாக்கிப் பயன்படுத்தினார். குடும்பங்களின் அனுமதி பெற்றதாகவும் ஊதியம் கொடுத்ததாகவும் அவரே அறிவித்தார். வட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வந்தபோது எங்கள் குழுவின் முதல் கேள்வி “பிரிச்சதோ, செய்ததோ?” என்பது. செய்தது. அதற்குப் பிறகுதான் சரி பிழை கதைத்தோம். நவம்பரில் நடந்தது அப்போது நடக்கவில்லை.

ஆனால் சொற்கள் தெளிவானதால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அதே மாதம் 25ஆம் திகதி பாடகி பவதாரிணி இங்கே, இலங்கையில் காலமானார். அவருடைய தந்தை இளையராஜாவின் கொழும்பு நிகழ்ச்சிக்காக நாங்கள் காத்திருந்த வாரம் அது. ஜூனில், ‘கோட்’ படத்துக்காகப் பவதாரிணியின் தம்பி யுவன் இசையமைத்த பாட்டில் அக்காவின் குரல் மென்பொருளால் உருவாக்கப்பட்டு வந்தது. கேட்டவுடன் கண்கலங்கியதாகவும், கூடப்பிறந்தவன் செய்ததை நாம் ஏன் கேள்வி கேட்கவேண்டும் என்றும் எங்களில் இருவர் சொன்னார்கள். மூத்தவர் அதைக் கேட்கவே மாட்டேன் என்றார். காரணம் கேட்டதற்கு, “அது வேற” என்றார். அதற்குமேல் நாங்கள் கேட்கவில்லை.

ரீச்சர் நவம்பர் 19க்குப் பிறகு வரவில்லை. பொங்கலுக்கும் புத்தாண்டுக்கும் வாழ்த்து அனுப்புகிறார். கதைத்தால் அன்பாகக் கதைக்கிறார். வருவதில்லை.

இனிச் செய்தால்

புதுப் பாட்டு ஒன்றை இனி இரண்டு தடவை போட்டபின்தான் கதைப்பது என்று வைத்திருக்கிறோம். புள்ளி போடுவதை நிறுத்திவிட்டோம். ஒரு பாட்டு எப்படி உண்டானது என்பது பற்றி யார் எதைச் சொன்னாலும், எங்கே பார்த்தீர்கள் என்று கேட்பது ஒருங்கிணைப்பவரின் வேலை. நவம்பர் 5 அன்று நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், தம்பி தலைப்பு ஒன்றைத்தான் காட்டியிருப்பார்; ரீச்சர் சரியான விளக்கத்தைச் சொல்லியிருப்பார்; மூத்தவர் கதிரையை விட்டு எழுந்திருக்கமாட்டார்.

வெளிவராத பதிவைப் போடாதது சரியென்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் மறுத்த விதம் பிழை. மூத்தவரின் கண்ணீருக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது, நேரில் போனதால் அது தெரியவந்தது. ரீச்சரின் கோபத்துக்குப் பின்னால் என்ன இருந்தது? வெட்டப்பட்ட அந்தச் சில வரிகள் அவருக்கு எந்த வருடம், எங்கே, யார் கையிலிருந்து கிடைத்தன? யாரோடு இருந்து கேட்டார்? அதை நான் அவரிடம் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை.